பாதிரியார் பாடம் கேட்டார்

மிஷனரிகளைப் பற்றி நம்மிடம் இரண்டே இரண்டு கதைகள்தான் உண்டு. ஒன்று, கடல் கடந்து வந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டி, காலராவில் செத்துப்போன புண்ணியவானின் கதை. மற்றொன்று, ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் வேதப் புஸ்தகமும் வைத்துக்கொண்டு ஊரைக் கலைக்க வந்த சூழ்ச்சிக்காரனின் கதை. எந்தக் கதையைச் சொல்வது என்பது சொல்கிறவருடைய கட்சியைப் பொறுத்தது. இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான் தென்படும். பேசுகிறவர் பாதிரியார் மட்டுமே. எதிரே மரத்தடியில் உட்கார்ந்து கேட்கிறானே, அவன் ஒன்று தலையாட்டுகிறான், இல்லாவிட்டால் கல்லை எடுத்து எறிகிறான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதில்லை. நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு, வசனமே இல்லாத பாத்திரத்தைக் கண்டால் எப்போதும் சந்தேகம்தான்.

இந்தச் சந்தேகத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு நண்பரிடம் சொல்லி வந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தகப்பனார் தேரிக்காட்டுக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். உபதேசியார் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குருப்பட்டம் பெற்ற ஐயர் மாதம் ஒரு முறை வந்து போவார், அன்றாடம் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, சண்டை தீர்ப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் உபதேசியார் தலையில். சம்பளம் சொற்பம். மரியாதையும் சில ஊர்களில் சொற்பம்தான்.

அண்ணாச்சி என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு ஆங்கிலப் புஸ்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"தம்பி, இதைப் படிச்சுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க."

'டோ காமோ' என்று பெயர். மொரீஸ் லேனார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1947-ல் எழுதியதன் மொழிபெயர்ப்பு. அதைப் படித்தேன், அதைத் தொடர்ந்து ஜேம்ஸ் கிளிஃபர்டு என்ற அமெரிக்கர் 1982-ல் வெளியிட்ட லேனாரின் வாழ்க்கை வரலாற்றையும் படித்தேன். ஆறு மாதம் ஆகியும் அந்தத் தீவிலிருந்து என்னால் கரையேற முடியவில்லை.

தீவின் பெயர் நியூ கலிடோனியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் சமுத்திரத்தில், மெலனீசியா என்று வழங்கும் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், நானூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கிறது. பூர்வ குடிகள் கனக் மக்கள். வள்ளிக்கிழங்கு அவர்களுக்கு வெறும் உணவல்ல. அது மானம், சீதனம், முன்னோர்களின் பிரசாதம். 1853-ல் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. பின்னாலேயே கைதிகள் வந்தார்கள், மாடுகள் வந்தன, நிக்கல் சுரங்கம் வந்தது. ரீயூனியன் தீவிலிருந்து கரும்புத் தோட்டக்காரர்களோடு 'மலபார்கள்' என்று பெயர் சூட்டப்பட்ட நம்மவர்களும் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதவேண்டும். நான் எழுதப் போவதில்லை.

வெள்ளைக்காரருடைய மாடுகள் கனக் மக்களின் கிழங்குத் தோட்டங்களை மிதித்துத் தள்ளின. 1878-ல் அதாயி என்ற தலைவனின் கீழ் கலகம் வெடித்தது. அடக்கினார்கள். அதாயியின் தலையை வெட்டிப் பாரிஸ் நகரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். விஞ்ஞானத்துக்காகவாம்! அந்த மண்டையோடு தன் ஜனங்களிடம் திரும்பி வந்து சேர்ந்தது 2014-ல்.

அதே 1878-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர்தான் லேனார். தகப்பனார் மத போதகர். அதோடு பூகர்ப்ப சாஸ்திரியும்கூட. பாறையைப் பார்க்கிற நிதானம் பிள்ளைக்கும் வந்திருக்கவேண்டும். 1902-ல், கல்யாணமான புதிதில், இருபத்து நாலு வயதில், மனைவியோடு நூமேயா துறைமுகத்தில் இறங்கினார். ஊர் மேயர் அவரைப் பார்த்து, இங்கே எதற்கு வந்தீர், பத்து வருஷத்தில் கனக்குகளே இருக்கமாட்டார்களே என்று கேட்டாராம். கொடுமைக்காகக் கேட்டதாகத் தோன்றவில்லை. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நிலம் போயிற்று, வியாதி வந்தது, சாராயம் வந்தது, ஜனத்தொகை வருஷத்துக்கு வருஷம் கரைந்துகொண்டிருந்தது.

லேனாருக்கு முன்பே அங்கே ஊழியம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலுள்ள லாயல்ட்டி தீவுகளைச் சேர்ந்த 'நாத்தா'க்கள் பெரிய தீவுக்கு வந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களும் மெலனீசியர்களே. சாராயத்தை விடு என்பது அவர்களுடைய முதல் உபதேசம். குடித்துவிட்டுக் கைநாட்டு வைக்கிறவனிடம் நிலம் வாங்குவது எளிது அல்லவா? ஆகவே வெள்ளைக் குடியேறிகளுக்கு நாத்தாக்களைக் கண்டால் ஆகாது. "நாத்தான்னா நம்ம உபதேசியார்தான்" என்றார் அண்ணாச்சி, முகமெல்லாம் மலர்ந்து. அவர் அந்தப் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஹுவாயிலூ பள்ளத்தாக்கில் லேனார் ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார். 'டோ நேவா' என்று பெயர். மெய்யான நாடு என்று அர்த்தம். ஞானஸ்நானம் கொடுப்பதில் அவர் அவசரப்படவில்லை. எண்ணிக்கை கேட்டுப் பாரிஸ் மிஷன் ஸ்தாபனத்திலிருந்து வரும் கடிதங்களுக்கு அவருடைய பதில்கள் திருப்தியளித்திருக்க நியாயமில்லை. அவருடைய கவனமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. வேதத்தை ஹுவாயிலூ பாஷையில் கொண்டுவரவேண்டும். அதற்கு அந்தப் பாஷை முதலில் தனக்கு வரவேண்டும். தம் மாணவர்களுக்கும் நாத்தாக்களுக்கும் பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகங்களைக் கொடுத்து, உங்கள் வழக்கங்களை, கதைகளை, சடங்குகளை உங்கள் பாஷையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். வந்ததை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று வாத்தியார் மாணவனைக் கேட்டார். நம் ஊரில் 'பாடம் கேட்டார்' என்று ஒரு வழக்கு உண்டே, மகாவித்துவானிடம் இன்னார் பாடம் கேட்டார் என்று. அந்த அர்த்தத்திலேயே சொல்கிறேன்.

அவர் கேட்ட பாடம் லேசானதல்ல. 'பாவோ' என்று ஒரு சொல். செத்த உடம்புக்கும் அதுதான் பெயர், முன்னோருக்கும் அதுதான், தெய்வத்துக்கும் அதுதான். பிணத்தையும் கடவுளையும் ஒரே சொல்லில் அடக்கிய பாஷையில் யெகோவாவை என்னவென்று அழைப்பது? அன்னியச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டவைத்தால் சண்டை இல்லை. ஆனால் அது உள்ளே இறங்காது. உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அதோடு கூட முன்னோர்கள் எல்லோரும் கோயிலுக்குள் வந்துவிடுவார்கள். நம் ஊரிலும் இந்தத் தலைவலி பழையது. ஃபப்ரீஷியஸ் பாதிரியார் பராபரன் என்றார். 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. லேனார் கடைசியில் பாவோ என்பதையே ஏற்றுக்கொண்டார்.

'நோ' என்று இன்னொரு சொல். எண்ணுவதும் நோ, சொல்வதும் நோ, செய்து முடிப்பதும் நோ. கொடுத்த பரிசும் நோதான். ஐரோப்பியருக்கு இது விசித்திரமாக இருந்திருக்கிறது. நமக்கு அவ்வளவு இல்லை. பெண் வீட்டில் 'பேச்சு முடிந்துவிட்டது' என்றால் வாயை மூடிக்கொண்டார்கள் என்றா அர்த்தம்?

'காமோ' என்றால் உயிர் வாழ்கிறவன். ஆனால் தனி ஆள் அல்ல. இன்னாருக்கு மருமகன், இன்னாருக்குப் பேரன், இன்னாருக்குப் புருஷன் என்ற உறவுகளின் முடிச்சுதான் ஆள். லேனார் இதை ஒரு படமாகப் போட்டிருக்கிறார். கோடுகள் நாலாபுறமும் ஓடுகின்றன. அவை கிளம்புகிற நடு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. உயிர் தாய் வழியில் வருகிறது என்பது அவர்கள் எண்ணம். பிள்ளை பிறந்ததும் தாய்மாமன் அதன் காதில் ஊதுவான், அதுதான் மூச்சு. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட ஜாதி நாம். படித்தபோது எனக்கு என் காதே கூசிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவ மார்க்கத்தின் நடு நாடியான ஒரு சொல் உண்டு. மீட்பு. அதை ஹுவாயிலூ பாஷையில் எப்படிச் சொல்வது? பண்டமாற்று, விலை கொடுத்து வாங்குதல் என்ற பொருளுள்ள சொற்களை முன்பிருந்தவர்கள் முயன்று பார்த்திருந்தார்கள். ஏதோ ஓர் அரைகுறைத் தெளிவு இருந்தது, அதற்குமேல் போகவில்லை. லேனாரோடு சேர்ந்து வேலை செய்தவர்களில் போவெசூ எரிஜிசி என்பவர் மூத்தவர். வயது வந்த பிறகு படிக்க வந்து, ஆசிரியராகி, பிறகு போதகரானவர். அந்தச் சொல் 'நாவி' என்று தெரிவித்தவர் அவர்தான்.

யுத்தத்தில் ரத்தம் சிந்திய நிலத்திலும், பெரிய துன்பம் நேர்ந்த நிலத்திலும் சாபம் தங்கிவிடுகிறது என்பது கனக் நம்பிக்கை. அங்கே பயிரிட முடியாது. அதை நீக்க, சடங்கு செய்து ஒரு சிறு மரத்தை நடுவார்கள். மரம் சாபத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிலம் மறுபடி மனிதனுக்கு உதவும். அந்த மரந்தான் நாவி. கிறிஸ்து தம்மையே ஒரு மரமாக நட்டுக்கொண்டார் என்று போவெசூவின் பாஷை சொல்லிற்று. விலை இல்லை, வியாபாரம் இல்லை. கெட்டுப்போன மண் மட்டும் இருக்கிறது, அதில் நட்ட ஒரு செடி இருக்கிறது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷம் சாஸ்திரம் படித்தவர் தேடியும் அகப்படாத சொல், அவிசுவாசிகளின் சடங்கு என்று ஒதுக்கவேண்டிய இடத்தில் கிடந்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தவர் அந்தச் சடங்கை உள்ளிருந்து அறிந்தவர். இந்த ஒரு நிமிஷத்தில் யார் யாருக்கு உபதேசம் செய்தார்கள்?

மறுநாள் அண்ணாச்சியிடம் போய் இதையே கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

"எங்க அய்யா பிரசங்கத்துக்கு நிக்கும்போது சட்டைப்பையில வட்டிக்கடை ரசீது ஒண்ணு வச்சிருப்பாங்க. எங்க அம்மா கம்மலோட ரசீது. பனை ஏறுறவங்க முன்னாடி அதை எடுத்துக் காட்டுவாங்க. 'நகை இன்னும் நம்ம நகைதான். ஆனா நம்ம கையில இல்ல. வட்டி ஏறுது. மூழ்கிப் போற நாளைக்கு ஒருத்தர் வந்து பணத்தைக் கட்டுறார்'ம்பாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லவேண்டாம் தம்பி. பொம்பளைங்க அழுவாங்க."

"கம்மல் திரும்பி வந்ததா, அண்ணாச்சி?"

"எங்க வந்துச்சு? மூழ்கிப் போச்சு. ரசீதை மட்டும் அய்யா கடைசி வரைக்கும் வச்சிருந்தாங்க."

மீட்பு என்ற சொல்லை நாற்பது வருஷமாக எழுதி வருகிறேன். அதில் அடகுக் கடையின் வாடையும் இருக்கிறது, ஆநிரை மீட்டுச் செத்தவனின் நடுகல்லும் இருக்கிறது. கடன்பட்ட ஜனங்களுக்கு ரசீது புரிந்தது. நிலத்தைப் பறிகொடுத்த ஜனங்களுக்குச் செடி புரிந்தது. அவரவர் காயத்தின் பாஷையில்தான் அவரவர் கேட்கிறார்கள் போலிருக்கிறது.

இன்னொரு சம்பவம் பிரசித்தமானது, லேனாரே எழுதியிருக்கிறார். பல வருஷ ஊழியத்துக்குப் பிறகு, தாங்கள் கொண்டுவந்ததன் பலன் என்ன என்று அளந்து பார்க்க எண்ணி, போவெசூவிடம் பேச்சுக் கொடுத்தார். உங்கள் சிந்தனைக்கு ஆவி என்ற கருத்தைத்தானே நாங்கள் கொண்டுவந்தோம் என்று கேட்டார். போவெசூ அதை ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். ஆவியை எங்களுக்கு எப்போதும் தெரியும், அதன்படிதான் நடந்து வந்தோம். நீங்கள் கொண்டுவந்தது உடம்பை என்றார்.

பண்டிதர்கள் இந்தப் பதிலுக்குப் பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். லேனாரின் அர்த்தம் இது: உறவுகளிலும் மரத்திலும் மண்ணிலும் கலந்து பரவிக் கிடந்த மனிதன், உடம்பு என்ற எல்லையைக் கண்டுகொண்டதும் தனி ஆளாக எழுந்து நின்றான், நடுவே இருந்த வெறுமை நிரம்பிற்று. இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பதிலில் ஒரு கசப்பும் கேட்கிறது. அந்த ஜனங்களுக்கு உடம்பைக் கொடுத்தவர் பாதிரியார் மட்டுமா? தலைவரி போட்ட சர்க்காருக்கும் எண்ணுவதற்குத் தனித்தனித் தலைகள் வேண்டியிருந்தன. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலி உடம்புகள் வேண்டியிருந்தன. போவெசூ நன்றி சொன்னாரா, கணக்குச் சொன்னாரா? அண்ணாச்சிக்கு இந்த வியாக்கியானம் பிடிக்கவில்லை. "நாவலாசிரியன் புத்தி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

சம்வாதம் என்ற சொல்லை இந்தக் காலத்து மத பண்டிதர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். இருவரும் சமமாக உட்கார்ந்து பேசுவதைப் போல ஒரு சித்திரம். கனக் மக்களோ 1887 முதல் 1946 வரை தனிச் சட்டத்தின் கீழ் இருந்தவர்கள்; உத்தரவில்லாமல் தம் எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது. லேனார் எவ்வளவு நல்லவரானாலும், அவர் எழுந்து கப்பல் ஏறலாம். போவெசூ ஏற முடியாது. 1917-ல் மறுபடி கலகம் மூண்டபோது கிராமங்கள் எரிந்தன. 1919-ல் நூமேயாவில் விசாரணை நடந்தது. குடியேறிகளின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் லேனார் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகச் சாட்சி சொன்னார். இதை அவர் பெயரில் வரவு வைக்கவேண்டும். அவர்களுக்காகப் பேச ஒரு பாதிரியார் தேவைப்பட்டார் என்பதையும் அதே ஏட்டில் எழுதத்தான் வேண்டும்.

1922-ல் ஹுவாயிலூ பாஷையில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1926-ல் லேனார் தீவை விட்டுப் புறப்பட்டார். பாரிஸில் பேராசிரியரானார், மார்செல் மோஸ் வகித்த பீடம் அவருக்கு வந்தது, அவருக்குப் பிறகு லெவி-ஸ்ட்ராஸுக்குப் போயிற்று. எத்தனை பேரை மாற்றினீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, ஒருவரை மாற்றியிருக்கலாம் என்றாராம். அந்த ஒருவர் அவரே என்று ரசித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அழகான பதில்தான். கொஞ்சம் அதிகமாகவே அழகு. நோட்டுப் புஸ்தகங்களை நிரப்பிக் கொடுத்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த எண் போதாது. அவர்கள் மாறினார்கள், கிறிஸ்தவத்தையும் மாற்றினார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1917 கலகத்தை அடக்கியபோது பட்டாளத்தார் சுட்டதில் ஒரு பெண் செத்தாள். அவளுடைய பேரன் ழான்-மரீ ஜிபாவு. கத்தோலிக்க குருவானார், பிறகு குருப்பட்டத்தைத் துறந்து மனிதவியல் படித்தார். 1975-ல் நூமேயாவில் கனக் கலாசாரத்தைக் கூசாமல் அரங்கேற்றிய 'மெலனேசியா 2000' விழாவை நடத்தினார். விடுதலை இயக்கத்தின் தலைவரானார். 1984-ல் ஒரு பதுங்கித் தாக்குதலில் அவருடைய சகோதரர் இருவர் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னும் அவர் 1988-ல் பிரான்ஸோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1989 மே 4-ந் தேதி, ஊவேயா தீவில், முந்தின வருஷம் செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப் போன இடத்தில், ஜுபெல்லி வேயா என்பவர் அவரையும் அவருடைய தோழர் யெய்வெனே யெய்வெனேயையும் சுட்டுக் கொன்றார். சுட்டவரும் அங்கேயே சுடப்பட்டார். ஜுபெல்லி வேயா புராட்டஸ்டண்ட் போதகராக இருந்தவர்.

முன்னாள் குருவை முன்னாள் போதகர் சுட்டார். மிஷன்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த வரியில் கொஞ்சம் நின்று போகவேண்டும். மூன்று குடும்பங்களும் மூன்று கிராமங்களும் பதினைந்து வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு 2004-ல் சமரசம் ஆயிற்று. கோர்ட்டார் செய்ததல்ல, கனக் வழக்கப்படி, ஒரு குடும்பம் மற்றதன் வாசலுக்குப் போய், தலை குனிந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, வாங்கவேண்டிய மன்னிப்பை வாங்கிக்கொண்டு ஆயிற்று. அதில் ஜெபமும் இருந்தது. எது கிறிஸ்தவம், எது பழைய வழக்கம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் அந்த விதவைகளுக்கே தெரியுமோ என்னவோ.

இதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நாவியைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டார். அதிலிருந்து எங்களுக்குள் இதே வேலை. பரிகாரம் என்றார், அது ஜோசியர் வீட்டுச் சொல் என்றேன். பாவநிவாரணம் என்றார், செடியைக் காணோமே என்றேன். கழுவாய் என்று நான் சொன்னதற்கு, தண்ணீர்தான் தெரியுது தம்பி, மண்ணைக் காணோம் என்று அவர் தள்ளிவிட்டார். நடுகல் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் கல் உறிஞ்சாது, துளிர்க்காது.

போன வாரம் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. க்ஷேம லாபம் விசாரிக்கவில்லை. நட்ட நடுவில், கட்டை எழுத்தில், 'நாற்று?' என்று ஒரே ஒரு சொல். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார்களே, இது அந்த இடத்திலேயே நிற்கவேண்டியதல்லவா என்று பதில் எழுதிப் போட்டிருக்கிறேன்.